ஒன்றாம் வகுப்பின் உபாத்தியாயர்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், நண்பர் ஒருவரைக் காணப் போயிருந்த கிராமத்தில், அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சிறிது நேரம் அமர்ந்திருக்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பாடப் புத்தகத்தை இரு கைகளாலும் மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, கணீரென்ற குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, ஒரு பாடம் முழுவதையும் தங்கு தடையின்றிப் படித்துக் காட்டினாள். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவளுடைய கண்கள் புத்தகத்தில் இல்லாமல் ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தின் மீது நிலைத்திருந்ததைக் கண்டபோது எனக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. அவள் அருகில் போய் உட்கார்ந்து, அப்போது படித்த அதே பக்கத்தின் நடுவே ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, ‘இது என்ன அம்மா?’ என்று கேட்டேன். அவள் அந்தச் சொல்லைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாடத்தின் முதல் வரியிலிருந்து உதடு மட்டும் அசையும்படி மெல்ல ஒப்பித்துக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் நிறுத்தி, ‘கொக்கு’ என்றாள்.

விடை சரியானதுதான். ஆனால் அதை அவள் எழுத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மனத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்த சொற்களில் எண்ணித் தேடி எடுத்துக் கொடுத்தாள். இப்படிப்பட்ட ஞாபக சக்தி உள்ள குழந்தையை மந்த புத்தியுள்ளவள் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? நாள் தவறாமல் பள்ளிக்கு வருகிறாள். காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் உண்கிறாள். சீருடையும் புத்தகமும் குறைவில்லாமல் கிடைத்திருக்கின்றன. இவ்வளவும் இருந்தும், பள்ளியில் சேர்ந்து மூன்றாவது வருஷத்தில், எழுத்து அவளுக்கு ஊமையாகவே இருக்கிறது.

குழந்தையைப் பள்ளிக்கு அழைத்து வரும் காரியத்தில் நம் மாநிலம் செய்திருப்பவை சாமானியமானவை அல்ல. 1920-ஆம் ஆண்டிலேயே சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு தொடங்கப்பட்டது; 1956-இல் காமராசர் அதை மாநிலத்துக்கு உரியதாக்கினார்; 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது; 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. இந்த நூறாண்டுப் பிரயத்தனத்தின் பலனை நாம் கண்ணாரக் காண்கிறோம். 2021-22-ஆம் ஆண்டின் கணக்குப்படி, உயர்கல்வி பயிலும் வயதினரில், இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர் கல்லூரியில் சேர்ந்திருக்க, தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பத்தேழு பேர் சேர்ந்திருந்தார்கள். இந்த மாடியைக் கட்டி எழுப்பிய நாமே, அஸ்திவாரத்தில் விழுந்திருக்கும் கீறலைக் காணாமல் இருப்பது நியாயமாகாது. கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புக்குரிய ஓர் எளிய பத்தியை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள், தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டில் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022-இல் ஐந்து பேருக்கும் குறைவு. 2024-இல் அது மீண்டும் ஏறிப் பத்தைக் கடந்திருக்கிறது. அந்த ஆய்வின் முறையைப் பற்றி மாறுபட்ட அபிப்பிராயம் உள்ளவர்கள் உண்டு, இருக்கட்டும். எந்தக் கிராமத்துப் பள்ளியிலும் மூன்றாம் வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து, குழந்தைகள் இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்துப் பார்ப்பவருக்கு, விவாதத்துக்கு அதிக இடம் இருக்காது.

இதை ஏதோ மொழிப் பாடத்தில் சில மதிப்பெண் குறைந்த விஷயமாக எண்ணக்கூடாது. நான்காம் வகுப்புக்குப் போனதும் அறிவியலும் சமூக அறிவியலும் பத்தி பத்தியாக வந்து நிற்கின்றன. கணக்குப் பாடத்திலுங்கூட, வெறும் எண்களைக் கொடுத்தால் சரசரவென்று கூட்டிக் கழித்துவிடும் பையன், ‘ஒரு கூடையில் முப்பத்தாறு மாம்பழங்கள் இருந்தன’ என்று தொடங்கும் வாக்கியக் கணக்கைக் கண்டதும் கூட்டுவதா கழிப்பதா என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்கிறான். கணக்கு வராதவன் என்ற பெயர் அவனுக்கு அன்று ஏற்பட்டுவிடுகிறது. உண்மையில் வராதது வாசிப்பு. எட்டாம் வகுப்பு வரையில் அவனை எவரும் நிறுத்தி வைப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவனைக் காணும் ஆசிரியர், இவன் எப்படி இதுவரை வந்தான் என்று வியக்கிறார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன் சிறப்பு வகுப்பு, மாலை வகுப்பு, வினா வங்கி என்று பள்ளி முழுவதும் ஓடியாடுகிறது. ஒன்றாம் வகுப்பில் செலவிட வேண்டிய சிரத்தையைப் பத்தாம் வகுப்பில் செலவிடுகிறோம். அதுவும் பாதிப் பலனுக்கு.

நம் எழுத்தின் இயல்பைச் சற்று நின்று பார்த்தால், ஆறு வயதுக் குழந்தையின் சிரமம் விளங்கும். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று, ஆக இருநூற்று நாற்பத்தேழு என்று நாம் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறோம். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் தனி வடிவங்கள் போய்க் குழந்தையின் பாரம் ஓரளவு குறைந்தது உண்மை. எனினும் மிச்சம் இருப்பது சொற்பமன்று. ‘கே’ என்று சொல்லும்போது வாயில் முதலில் பிறப்பது ககரம். ஆனால் தாளில் முதலில் நிற்பது கொம்பு. ‘கொ’ என்பதிலோ கொம்பு முன்னும் கால் பின்னுமாக நடுவில் எழுத்து அகப்பட்டுக்கொள்கிறது. அந்தச் சிறுமியின் கண் ‘கொக்கு’ என்ற சொல்லின் மேல் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘கல்’ என்பதில் ஒரு விதமாகவும், ‘பகல்’ என்பதில் வேறு விதமாகவும், ‘தங்கம்’ என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கும் ககரம் ஒன்றே என்பது நமக்குப் பழக்கத்தால் மறந்துபோன விஷயம். குழந்தைக்கு அது மூன்று வெவ்வேறு ஒலி.

இதைவிட நுட்பமான சங்கடம் ஒன்று உண்டு. வீட்டில் ‘எலை’ என்று சொல்லும் குழந்தை புத்தகத்தில் ‘இலை’ என்று காண்கிறது; ‘ஒலகம்’ என்பது ‘உலகம்’ ஆகிறது; ‘கொடை’ என்று பிறந்தது முதல் கேட்டு வந்த பொருளைக் ‘குடை’ என்று எழுத வேண்டியிருக்கிறது. காதால் கேட்டதை அப்படியே நேர்மையாகக் ‘கொடை’ என்று எழுதும் குழந்தையின் நோட்டில் சிவப்பு மையால் ஒரு சுழி விழுகிறது. ஒலியைப் பிரித்துக் கேட்டு அதற்குரிய எழுத்தைக் கண்டுபிடித்து எழுதிய அந்தப் பிள்ளை, வாசிப்பின் ரகசியத்தைப் பிடித்துவிட்ட பிள்ளை; கரும்பலகையைப் பார்த்துப் பிழையில்லாமல் ‘குடை’ என்று வரைந்து வைத்த பக்கத்துப் பிள்ளை ஒருவேளை இன்னும் அதைப் பிடிக்கவில்லை. எவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை நோட்டைத் திருத்தும் கண் அறிய வேண்டும். இதை அறிவதற்கு வேண்டியது சாதாரணமான பாண்டித்தியம் அன்று.

நான் போயிருந்த அந்தப் பள்ளியிலேயே இதை அறிந்தவர் ஒருவர் இருந்தார். பிற்பகலில் அவர் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துக்கொண்டு, நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார். ‘டீச்சர், எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு’ என்றான் ஒரு சிறுவன். அவர் அந்த வாக்கியத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே கரும்பலகையில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு சொல்லையும் சுட்டிக் காட்டி வாசித்தார். அவன் எழுந்து வந்து தன் ஆட்டைத் தானே விரலால் தொட்டு வாசித்தான். எல்லாரும் வாசித்தார்கள். ‘ஆடு’ என்பதை அழித்து ‘மாடு’ என்று எழுதினார், சிரித்துக்கொண்டே வாசித்தார்கள். ‘குட்டி’ என்பதிலிருந்து ‘பட்டி’, ‘கட்டி’, ‘தொட்டி’ என்று சொற்கள் கிளைத்தன. அதன் பிறகே அந்த வாக்கியத்துக்குக் கீழே, ‘எங்கள் ஆடு இரண்டு குட்டிகள் போட்டது’ என்று எழுதி, ‘புத்தகத்துல இப்படி எழுதுவாங்க கண்ணு’ என்றார். பேச்சும் எழுத்தும் அண்ணன் தம்பிகள் என்பதை ஓர் இலக்கண வார்த்தையும் சொல்லாமல் அந்தக் குழந்தைகள் கால் மணி நேரத்தில் தெரிந்துகொண்டார்கள். இன்னொரு குழந்தை, தன் வீட்டில் அப்பா வரவில்லை என்று எழுதச் சொன்னது. ஆசிரியை ஒரு கணம் தயங்கினார்; பிறகு அதையும் எழுதினார்.

இந்தக் கலை நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலைப் பரப்பி, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினார்கள். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிகளில் இதைக் கண்டு தம் பள்ளியிலும் கைக்கொண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை அதனோடு சேர்த்து அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அது அங்கே ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு பரவியது. திண்ணைப் பள்ளியைக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. பெருவாரியான ஜனங்களின் பிள்ளைகளுக்கு அதன் கதவு திறந்ததில்லை. பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் அங்கே கல்வியின் அங்கங்களாக இருந்தன. பொருள் தெரியாமல் உருப்போடும் வழக்கத்தை நம் பள்ளிகளுக்கு விட்டுப்போனதும் அதுவே. ஆயினும் கையும் வாயும் காதும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதையும், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அடுத்த படிக்கு ஏற வேண்டும் என்பதையும் அந்தத் திண்ணை அறிந்திருந்தது.

பிள்ளைக்குப் பிள்ளை வேகம் வேறு என்ற அந்தக் கருத்துக்கு நம் மாநிலம் இந்த நூற்றாண்டில் இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி, 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் பதின்மூன்று பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் சென்றது. பாய் விரித்து, வட்டமாக அமர்ந்து, அட்டைகளை எடுத்துப் படிப்படியாக முன்னேறும் குழந்தைகளைக் காணப் பிற மாநிலத்தார் வந்தார்கள். ஆனால் பதின்மூன்று பள்ளிகளில் இருந்த கவனத்தை ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு விரிப்பது எளிதாக இல்லை. பல இடங்களில் முறையின் உயிர் போய் அட்டை மட்டும் நின்றது. அடுத்த அட்டைக்குப் போவதே கல்வி என்று ஆயிற்று. அதன் பிறகு பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே காணாத குழந்தைகள் நேரே இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இழப்பை ஈடு செய்ய 2022 ஜூன் மாதத்தில் எண்ணும் எழுத்தும் இயக்கம் தொடங்கப்பட்டு, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்க முற்பட்டது. நோக்கம் உயர்ந்தது, பாட்டும் பொம்மலாட்டமும் வகுப்பறைக்குள் வந்ததும் நன்று. 2024-இல் கண்ட ஏற்றத்தில் இதற்கு உரிய பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன். ஆனால் அரும்பு, மொட்டு என்ற பெயர்கள் குழந்தை அன்றைக்கு நிற்கும் இடத்தைக் காட்டுவதற்கே ஏற்பட்டவை. ஆண்டு முழுவதும் ஒரு குழந்தை அரும்பாகவே பதிவேட்டில் இருந்தால், எவரும் அதன் அருகில் உட்காரவில்லை என்றுதான் பொருள்.

அருகில் உட்காருவதற்கு ஆள் வேண்டுமே! 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். சராசரிக் கணக்குக்கு இது போதுமானதாகத் தோன்றும். ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒருவர் முதல் மூன்று வகுப்புகளையும் மற்றவர் இரண்டு வகுப்புகளையும் பார்க்கிறார். இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால், அன்றைக்கு ஐந்து வகுப்புகளும் ஓர் அறையில் ஒருவர் கையில். மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவற்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. இவை மூன்றும் போக, கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்களும், அனுப்ப வேண்டிய புகைப்படங்களும், நிரப்ப வேண்டிய படிவங்களும் பகல் முழுவதும் கைபேசி வழியாக வந்துகொண்டே இருக்கின்றன. நான் கண்ட அந்த ஆசிரியை ‘ஆடு’ பாடத்தின் நடுவே இரண்டு தடவை கைபேசியை எடுத்துப் பார்க்க நேர்ந்தது. இரண்டாம் தடவை அவர் முகத்தில் தோன்றிய வருத்தத்தை நான் மறக்க முடியாது. ஒரு நாளில் முதல் இரண்டு மணி நேரம், எந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியரிடமும் எந்த அலுவலகமும் எந்தத் தகவலும் கேட்கக்கூடாது என்று ஒரு விதி செய்ய, அரசுக்கு ஒரு காசும் செலவில்லை.

இங்கே நான் சொல்ல வந்த பிரதானமான விஷயத்துக்கு வருகிறேன். நம் கல்வி முறையில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு நாம் கொடுத்திருக்கும் ஸ்தானம் மிகவும் தாழ்ந்தது. புதிதாக வந்தவருக்கு ஒன்றாம் வகுப்பு. அனுபவம் முதிர்ந்தவருக்கு மேல் வகுப்பு. பதவி உயர்வு பெற்றால் தொடக்கப் பள்ளியை விட்டே போய்விடவும் கூடும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியராகவே இருந்தபடி உயர்வதற்கு வழி கிடையாது. 2009 ஜூன் முதல் தேதியிலும் அதற்குப் பின்னும் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களின் அடிப்படை ஊதியம், மே மாத இறுதி வரை சேர்ந்தவர்களுடையதைவிடக் குறைவாக நிர்ணயிக்கப்பட்டு, ஒரே பள்ளியில் ஒரே வேலைக்கு இரண்டு விதச் சம்பளம் வாங்கும் நிலை ஏற்பட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார நேர்ந்தது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய ஆசிரியருக்கு மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். ஐம்பது குழந்தைகளுக்கு எழுத்தின் வாயைத் திறந்து கொடுத்த ஒன்றாம் வகுப்பு ஆசிரியையின் பெயர் அந்தத் தெருவைத் தாண்டித் தெரிவதில்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் எழுத்தறிவிப்பதில் தேர்ந்தவர் யார் என்பது சக ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களை முதல் இரண்டு வகுப்புகளிலேயே தொடர்ந்து வைத்து, ஊதியத்திலும் பதவியிலும் தலைமை ஆசிரியருக்கு நிகராக உயர்த்தி, பக்கத்துப் பள்ளி இளைஞர்கள் மாதத்துக்கு ஒரு நாள் அவர்களுடைய வகுப்பில் வந்து அமர்ந்து கற்கும்படி செய்ய வேண்டும். மண்டபத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு பெறும் மூன்று நாள் பயிற்சியைவிட, அந்த ஆட்டுக்குட்டி வாக்கியத்தை நேரில் பார்ப்பது அதிகம் கற்றுத் தரும்.

ஆங்கில வழியைப் பற்றி ஒரு வார்த்தை. 2012-13 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்திருக்கின்றன. பெற்றோரின் ஆவல் எனக்குப் புரிகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘கொடை’யிலிருந்து ‘குடை’க்குப் போகவே தடுமாறும் பிள்ளையை, அந்தச் சொல்லே வீட்டில் இல்லாத ஒரு பாஷையில் எழுத்துக் கூட்டச் சொன்னால், இரண்டு மொழியிலும் அது ஒப்பிக்கத்தான் கற்றுக்கொள்ளும். தமிழில் வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கு ஆங்கில எழுத்து விரைவில் வசப்படும். வாசிப்பு என்றால் என்ன என்பதை அது முன்பே அறிந்திருக்கிறது. வீட்டு மொழியிலேயே வாசிப்பு தொடங்க வேண்டும் என்ற இதே நியாயம், ஒசூர்ப் பக்கம் தெலுங்கும் தாளவாடியில் கன்னடமும் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும், திருப்பூரில் வடநாட்டுத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் உண்டு.

வாசிக்கத் தொடங்கிய குழந்தைக்கு வாசிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் நூலகங்களுக்குத் தாம் வகுத்த ஐந்து விதிகளை நூலாக வெளியிட்ட அதே 1931-ஆம் ஆண்டில், மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். இன்று வண்டிக்கு அவசியம் இல்லை. வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை வகுத்த அழகான சிறு கதைப் புத்தகங்கள் பள்ளிக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. நான் போன பள்ளியில் அவை பீரோவுக்குள் இருந்தன. கிழிந்துவிட்டால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயம் அந்தத் தலைமை ஆசிரியருக்கு. அது அவருடைய குற்றமும் அன்று. கிழிந்த கதைப் புத்தகத்துக்கு எந்த ஆசிரியரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு சுற்றறிக்கை போனால் அந்தப் பீரோக்கள் திறக்கும்.

ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள மேலாண்மைக் குழு ஒன்று இருக்கிறது. சுற்றுச் சுவர், குடிநீர்க் குழாய், கழிப்பறை என்று அது பேசும் விஷயங்கள் எல்லாம் அவசியமானவையே. அடுத்த கூட்டத்துக்கு வரும் அம்மாமார், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர்கள் இதுவரை பார்த்திராத ஒரு கதைப் புத்தகத்தின் ஏதாவதொரு பக்கத்தைத் திறந்து, நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைக்கட்டும். தமக்கே எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். அந்தக் குழந்தையின் கண் சொல்லைப் பார்க்கிறதா, ஜன்னலைப் பார்க்கிறதா என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அன்றைய தீர்மானப் புத்தகத்தில் குழாயோடும் சுவரோடும் கூட, எத்தனை பிள்ளைகள் சொல்லைப் பார்த்தார்கள் என்ற எண்ணையும் எழுதி வைக்கட்டும். அடுத்த மாதமும் எழுதட்டும்.